சாம்பல் பட்டையை மறைக்க ஒரு பலகை

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்ததும் என் மனைவியின் கண்ணில் முதலில் பட்டது மின்விசிறியின் தூசி. அடுத்தது, என் தாடையில் சவரம் தப்பிய இடங்கள். மூன்றாவது, மாடி அறைத் திரையில் படத்துக்கு மேலும் கீழும் கிடக்கும் சாம்பல் பட்டை. முதல் இரண்டையும் அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். மூன்றாவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

பட்டை புதிதாக முளைத்ததல்ல. எங்கள் திரை எட்டடி அகலம், நாலரை அடி உயரம். இப்போது வருகிற படங்கள் பெரும்பாலும் அதைவிட நீண்டு, ஒடுங்கிய வடிவில் எடுக்கப்படுகின்றன. அகலத்தை நிரப்பினால் மேலே ஆறரை அங்குலமும் கீழே ஆறரை அங்குலமும் மிஞ்சும். அந்த இடம் கறுப்பாக இருக்க வேண்டும். ஆனால் புரொஜெக்டருக்குக் கறுப்பை வீசத் தெரியாது. எந்த விளக்குக்கும் தெரியாது. தன்னால் முடிந்த குறைந்தபட்ச வெளிச்சத்தை வீசிவிட்டு, அதைக் கறுப்பு என்று நம்பச் சொல்லும். வெள்ளைத் திரையில் அது ஈரமான சிமெண்டுத் தரை போலத் தெரியும்.

ஓய்வுபெற்ற கையோடு மாடியில் அந்த அறையை ஏற்பாடு செய்திருந்தேன். தடித்த திரைச்சீலைகள், ஒரு புரொஜெக்டர், கை வைத்த இரண்டு நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு படம். மனைவிக்கு மலையாளக் குற்றப் படங்கள்மேல் பிடிப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் வேறொருவனைச் சொல்வேன். அது எப்போதும் தப்பாக இருக்கும். எங்கள் இருவருக்கும் மலையாளம் பாதி புரியும். அந்தப் பாதிக்குள் கொலை வராது. அதனால் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை வாசித்துக்கொண்டே பார்ப்போம்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறன்று மாடிக்கு வந்தாள். இருபது நிமிடம் உட்கார்ந்தாள். எழுந்துவிட்டாள்.

"படத்த பாக்கறதா, இந்த பட்டைய பாக்கறதா? கண்ணு அங்கியே போவுது."

"இத்தினி வருஷமா இருந்ததுதானே?"

"இத்தினி வருஷமா எனக்குத் தெரியலயே. டாக்டரு தொறந்து வுட்டுட்டாரு. பட்டை போனா கூப்பிடுங்க, வரேன்."

கீழே போய்க் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதே படத்தைக் கைப்பேசியில் பார்த்தாள். அதிகநேரம் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடுத்த கண்ணுக்கும் அறுவை சிகிச்சை பாக்கி இருந்தது. முதல் கண் நன்றாக ஆறட்டும் என்று தள்ளிவைத்திருந்தார்கள். மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன். "உங்க பட்டையப் பாக்கறதுக்கு இது பரவால்ல" என்றாள். அதன்பின் ஞாயிறுகளில் எனக்கு மாடியில் ஒரு கொலையும், தரைக்கு அடியிலிருந்து ஒரு கொலையும் கேட்டன. இரண்டாவது நாற்காலியில் ரிமோட்டை வைத்தேன். கொலைகாரனைத் தப்பாகச் சொன்னால் மறுப்பதற்கு ஆளில்லை. தனியாகத் தப்பு செய்வதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வரும் சரக்கை ஆய்வு செய்யும் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. மூன்று நிற அட்டைகள் எங்கள் ஆயுதம். பச்சை என்றால் ஏற்பு. மஞ்சள் என்றால் நிறுத்திவை. சிவப்பு என்றால் வண்டியைத் திருப்பு. நான்காவதாக ஒரு காகிதமும் உண்டு. அதற்கு டீவியேஷன் என்று பெயர். குறை இருப்பது தெரிந்தே, இந்தத் தடவை மட்டும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் காகிதம். உற்பத்தி நின்றுவிடும் என்று கொள்முதல் பிரிவினர் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நிற்பார்கள். நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை. அவர்கள் எனக்கு மேலே இருப்பவரிடம் போய் வாங்கிக்கொள்வார்கள்; அது அவர்கள் வசதி.

ஆகவே, 'பட்டை போனா வரேன்' என்று அவள் சொன்னதை நான் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏற்பு நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பட்டையை மறைக்கக் கறுப்புப் பலகை இரண்டு வேண்டும். ஒன்று மேலிருந்து இறங்க வேண்டும், ஒன்று கீழிருந்து ஏற வேண்டும். செய்தியும் கிரிக்கெட்டும் திரை முழுவதையும் நிரப்பும் என்பதால் அந்த நேரத்தில் இரண்டும் விலகிவிட வேண்டும். துணியைச் சுருளில் மாட்டலாம் என்று முதலில் தோன்றியது. துணி தொங்கினால் ஓரம் அலையடிக்கும். படத்தின் விளிம்பு வாய்க்கால் வரப்பு போல இருக்கும். அதனால் விறைப்பான பொருள்தான். எட்டடி நீளம், எட்டங்குல அகலம், ஸ்கேல் வைத்தது போன்ற ஓரம். கயிற்றில் தொங்கும் அளவுக்கு எடை குறைவு. குறிப்பேட்டில் இவ்வளவையும் எழுதி அடிக்கோடிட்டேன். எதை எழுதவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

பிறகு மாதிரிகள் சேகரித்தேன். எல்லாவற்றிலும் ஓரடித் துண்டு. ஒரே அளவு மாதிரி இல்லாமல் ஒப்பிடக் கூடாது. சாப்பாட்டு மேசை ஆய்வகமானது.

முதலில் தெர்மாகோல். எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் அதைத் தின்றுவிட்டது. பஞ்சுமிட்டாயில் எச்சில் பட்டதுபோல் குழிந்து போயிற்று. இது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் எழுதி வைத்தேன். தெரிந்ததை எழுதி வைப்பதற்குத்தான் பரிசோதனை என்று பெயர்.

அடுத்தது, தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் வந்திறங்கும் நீலப் பெட்டிகள் செய்கிற பிளாஸ்டிக் தகடு. உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும். குழல் ஓடும் திசையில் இரும்பு மாதிரி நிற்கும். குறுக்கே பிடித்தால் செய்தித்தாள் மாதிரி மடங்கும். பாதி குணம் நல்லது என்று குறித்துக்கொண்டேன்.

ஃபிளெக்ஸ் பேனர் கடையில் சன்போர்டு என்கிற நுரை அட்டை கேட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பின்பக்கம் கண்ணீர் அஞ்சலி என்பதில் 'கண்ணீர்' வரைக்கும் அச்சாகியிருந்தது.

"இத்த முதல்ல வெளிய கொண்டு போய்ப் போடுங்க" என்றாள் மனைவி. "இன்னொரு கண்ணு ஆப்பரேஷன வெச்சிக்கினு."

அந்த மாதிரி பரிசோதனைக்கு முன்பே நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'சகுனம்' என்று எழுத மனம் வராமல் 'வாடிக்கையாளர் ஆட்சேபம்' என்று எழுதினேன்.

மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைக் குளியலறையில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். இங்கே காற்றில் எப்போதும் கொஞ்சம் கடல் இருக்கும். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. ஹார்ட்போர்டு இரண்டு கிளாஸ் பாரத்துக்கே தலைகுனிந்தது. கடைகளின் முகப்பில் அடிக்கிற ஏ.சி.பி. ஷீட்டைப் பற்றியும் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: 'பளபளப்பு, இருட்டறைக்கு ஒவ்வாது, தள்ளுபடி.' அதில் மாதிரித் துண்டுகூட வாங்கவில்லை.

கடைசியில் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் வென்றது. வளையவில்லை, ஊதவில்லை, அழவில்லை. மதிப்பெண் பட்டியலை மனைவியிடம் காட்டினேன். அவள் மருந்து சொட்டு விட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடியே பார்த்தாள்.

"கட்டைதானே? இதுக்கா மூணு வாரம்? கறுப்பு எப்டி அடிக்கப் போறீங்க?"

"அதுதான் யோசிக்கிறேன்."

"இன்னா யோசன? மொட்டை மாடில ரெண்டு நாளு போட்டு வைங்க. தானா கறுத்துடும்."

உருக்காலைகள் இருக்கிற ஊரில் இது அவ்வளவு பெரிய நகைச்சுவை அல்ல. வற்றல் போடுகிறவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் கறுப்பு பெயிண்ட்கூட வெளிச்சத்தில் கொஞ்சம் பல்லிளிக்கும் என்பதால், வெல்வெட் துணி ஒட்டுவது என்று முடிவானது. துணிக்கடைக்கு அவளே வந்தாள். கடைக்காரர் விரித்த வெல்வெட்டில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தடவினாள்.

"இப்டி தடவினா கறுப்பு. அப்டி தடவினா வெளுப்பு. பலகைல ஒட்டும்போது முடி எந்தப் பக்கம் சாயணும்னு பாத்து ஒட்டுங்க. ரெண்டு பலகையும் ஒரே மாரி இருக்கணும்."

இது எந்தத் தரநிர்ணயப் புத்தகத்திலும் நான் படித்திராத செய்தி. குறித்துக்கொண்டேன்.

எட்டடிக்கு எட்டங்குலத்தில் இரண்டு பலகை அறுத்து வாங்கி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை முன்பக்கம் முழுவதும் தடவி, முடி கீழ்நோக்கிச் சாயும்படி வெல்வெட்டை ஒட்டினேன். பின்பக்கம் சுவரைப் பார்க்கிற பக்கம், அதற்கெதற்குத் துணி? சுருக்கமில்லை, குமிழில்லை. இரண்டு நாள் காயவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பார்த்தால், இரண்டு பலகையும் வளைந்திருந்தன. முனைக்கு முனை நூல் பிடித்தேன். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையில் என் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. திருப்பிப் போட்டு, நடுவில் அரிசி மூட்டை வைத்து ஒரு வாரம் அழுத்தினேன். மூட்டையை எடுத்ததும் பழைய நிலைமைக்கே நிதானமாகத் திரும்பியது. உத்தியோகத்தில் இருந்த நாளில் இவ்வளவு பிடிவாதத்தை நான் மதித்திருப்பேன்.

"வில்லு மாரியே கீது" என்றாள் மனைவி. "ஒரு கயிறு கட்டினா மான் அடிக்கலாம்."

"பின்னாடி அலுமினியக் குழாய் ஒன்னு வெச்சு இழுத்துக் கட்டினா நேராயிடும்."

"அடுத்த கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்க. அதுக்குள்ள இழுப்பீங்களா?"

ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன. சொன்ன குரலில் கிண்டல்தான் இருந்தது. ஆனால் அன்றும் அவள் கைப்பேசியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தேன்.

அலுமினியக் குழாய்க்கு எனக்குத் தெரிந்து ஒரே கடைதான். ஊத்துக்கோட்டை போகிற சாலையில், அலுமினியத் தடுப்பும் ஜன்னலும் கடை முகப்பும் செய்து கொடுக்கிற கடை. அதன் உரிமையாளரையும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

முன்பு அவர் எங்கள் கம்பெனிக்குப் பலகை சப்ளை செய்தவர். மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் வைக்கிற பலகை, ஒரு பக்கம் லேமினேட் ஒட்டியது. ஒருமுறை வந்த சரக்கு முழுவதையும் வளைந்திருக்கிறது என்று சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பினேன். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "சார், என் கடைல நேரா இருந்துச்சு சார்." "இங்கே வளைஞ்சிருக்கு" என்றேன். "இந்த ஒரு லோடுக்கு மட்டும் டீவியேஷன் போட்டுடுங்க சார்." போடவில்லை. அதன்பின் கொஞ்ச நாளில் அவர் எங்களுக்கு சப்ளை செய்வதையே நிறுத்திக்கொண்டார்.

வளைந்த பலகைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். ஷேர் ஆட்டோக்காரர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்த உள்ள வெச்சா நாலு பேர எறக்கணும் சார்."

"மேல கட்டு."

"மேல கட்டிக்கலாம். வளைஞ்சிருக்கறது நல்லதாப் போச்சு. டாப்புக்கு அளவெடுத்த மாரி உக்காந்துக்கும்."

உட்கார்ந்துகொண்டது. வழிநெடுக வெல்வெட் மெத்தை போட்ட ஆட்டோவில் போகிறோம் என்று பின்சீட்டில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்க சார்" என்று பலகையை வாங்கி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் மரம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிகீறீங்க."

"ஆமா. பின்பக்கம் சுவரு."

உள்ளே போனார். ஒரு பழைய கோப்போடு வந்தார். ஓரம் கரையான் ருசி பார்த்த கோப்பு. அதிலிருந்து ஒரு படிவத்தை உருவி என் கையில் கொடுத்தார். திருத்த நடவடிக்கைப் படிவம். நிராகரிக்கப்பட்ட சரக்கு ஏன் கெட்டது, இனி கெடாமலிருக்க என்ன செய்வீர்கள் என்று சப்ளையர் எழுதித் தர வேண்டிய தாள். அடியில் என் கையெழுத்து இருந்தது.

"நீங்களே பட்ச்சிடுங்க சார். எனக்குக் கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. படித்தேன். காரணம்: பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டப்பட்டதால் இரு பக்கமும் ஈரத்தைச் சமமாக இழுப்பதில்லை, ஒட்டிய பக்கம் காயும்போது சுருங்கிப் பலகையை இழுக்கிறது. திருத்தம்: பின்பக்கமும் அதே வகை லேமினேட் தாளை ஒட்டுதல். நீளமான பலகைகளில் இதைத் தவறாமல் செய்தல்.

"எயுத்து என்னுது, வார்த்த உங்களுது" என்றார். "எனக்கு ரீஜன் தெரியல சார் அன்னிக்கு. நீங்க சொல்லச் சொல்ல எய்தினேன். அதுக்கப்பறம் இன்னிய வரைக்கும் ஒத்தப் பக்கம் ஒட்டினதே இல்ல. பேஜாரே இல்ல."

நான் எழுதவைத்ததை அவர் பின்பற்றியிருந்தார். நான் பின்பற்றவில்லை. ஓரடித் துண்டுகளை வைத்துச் சோதித்ததும் அதே ரகம்தான். ஓரடியில் அந்த வளைவு மயிரிழை. எட்டடியில்தான் கட்டைவிரல். அடுத்தவர் சரக்கில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆகியிருக்காது.

"ஒங்க சரக்குக்கு செவப்பு அட்டை கட்டிட்டீங்களா சார்?"

"கட்டணும்."

"ஒரு டீவியேஷன் போட்டுக்கலாமே."

பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தேன். அவர் அதற்கு மேல் அழுத்தவில்லை. டீ சொல்லியனுப்பினார். டீ வருவதற்குள் எதற்கு இந்தப் பலகை என்று கேட்டார். திரை, பட்டை, மனைவியின் கண், அடுத்த கண்ணுக்கான தேதி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஏ.சி.பி. ஷீட் துண்டு ஒன்றை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, நடுல பிளாஸ்டிக்கு. ஈரமும் குடிக்காது, கஞ்சியும் குடிக்காது. பின்னாடி சதுரக் குழா ஒன்னு ஓட்டிட்டா எட்டடிக்கு அசையாது. இத்தப் பாக்கலயா நீங்க?"

"பார்த்தேன். பளபளக்குமேன்னு விட்டுட்டேன்."

"மேல வெல்வெட்டு ஒட்டப் போறீங்க. அடியில பளபளன்னா இன்னா, பாட்டு பாடினா இன்னா?"

துண்டைக் கையில் தூக்கி எடை பார்த்தேன்.

"டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

"இல்ல."

"டெஸ்ட் பண்ணாமலே ரிஜெக்ட்டு!" என்றார், கடைக்கு வெளியே யாரோ இருப்பதுபோல். டீ வந்தது. அவர் அன்றைக்கு மிகவும் நிதானமாக டீ குடித்தார்.

அடுத்த ஞாயிறு காலை அவரே சாமான்களோடு வந்தார். ஏ.சி.பி. பலகை இரண்டு, பின்பக்கம் சதுர அலுமினியக் குழாய் ரிவெட் அடித்தது. வெல்வெட்டை நான் ஒட்டினேன். இந்தமுறை தண்ணீர் கலந்த தச்சர் பசை இல்லை, ரப்பர் பசை. திரைக்கு இரண்டு புறமும் ஜன்னல் கண்ணாடி நகர்கிற அலுமினியத் தடத்தைச் செங்குத்தாக அடித்தார். பலகைகளின் முனைகள் அதில் ஓடும். மேல் பலகைக்குக் கூரையில் கப்பி. அது பால்கனியில் துணி உலர்த்தும் கம்பிக்கு வருகிற கப்பிதான். கயிற்றை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். கீழ்ப் பலகையைக் கையால் தூக்கித் தடத்தில் ஓர் ஆணி செருகினால் நிற்கும்.

இடையில் மனைவி நாஷ்டாவுக்குக் கூப்பிட்டாள். இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர் அந்தச் சிவப்பு அட்டைக் கதையை முதலிலிருந்து சொன்னார். என் குரலையும் நடித்துக் காட்டினார். நான் அவ்வளவு மூக்கால் பேசுவதில்லை.

"ஊட்லயும் அப்டித்தாங்க" என்றாள் மனைவி. "சாம்பார்ல உப்பு கம்மின்னா அத்த சொல்லமாட்டாரு. 'போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசம் கீது'ம்பாரு."

வேலை முடிந்ததும் நூல் பிடித்தேன். முனைக்கு முனை, மேலும் கீழும். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றும் நுழையவில்லை. நான் ஓய்வுபெறும்போது பச்சை அட்டைக் கட்டு ஒன்று என் பையோடு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதற்குப் படிவம் இல்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்து மேல் பலகையின் கயிற்றில் கட்டினேன். அவர் அதைக் கையில் பிடித்து இருபுறமும் பார்த்தார். "இப்பத்தான் பாக்கறேன் சார், உங்க கைல இந்த கலரு" என்றார்.

சாப்பாடு முடிந்து திரைச்சீலைகளை மூடினோம். கடைக்காரரும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றதால் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மனைவி தன் நாற்காலியிலிருந்த ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். படத்தின் உயரத்துக்கு ஏற்றபடி பலகைகளை நகர்த்தி, படத்தை ஓடவிட்டேன்.

பட்டை இல்லை. படம் இருட்டிலிருந்து நேராக வெட்டி எடுத்ததுபோல் நின்றது. மழை பெய்துகொண்டிருந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு பிணம் கிடந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பது பச்சை அட்டைக்கு மேல்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பேசினார். நீண்ட நேரம் பேசினார்.

"எழுத்து எங்க?" என்றாள்.

எழுத்து கீழ்ப் பட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் அங்கேதான் ஓடியது. இத்தனை வருடமாக நானும் அங்கேதான் வாசித்தேன். குறிப்பேட்டில் பட்டையின் உயரம், நிறம், வெளிச்சம் எல்லாம் இருக்கின்றன. அதில் எழுத்து ஓடும் என்பது மட்டும் இல்லை. ஆய்வு செய்கிறவனுக்குக் குறைதான் கண்ணில் படும். நன்றாக வேலை செய்கிற ஒன்றை யார் குறித்துவைப்பார்கள்? இப்போது எழுத்துகள் எல்லாம் வெல்வெட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தன. வெல்வெட் தரமான சரக்கு. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

படத்தை நிறுத்திவிட்டு ரிமோட்டில் தேடினேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், மஞ்சளாக்கலாம், சாய்க்கலாம். புரொஜெக்டரோடு இணைத்த எங்கள் பெட்டியில் இடம் மாற்ற மட்டும் வழியில்லை. கீழ்ப் பலகையைப் பாதி இறக்கிப் பார்த்தேன். முதல் வரி தெரிந்தது, இரண்டாம் வரி காணவில்லை.

"'நான் அந்த வீட்டுக்குப் போனேன், ஆனா' அப்டின்றான்" என்றாள் மனைவி. "ஆனா இன்னா? அதுலதான் எல்லாமே கீது."

பலகையை முழுதும் இறக்கினேன். எழுத்து வந்தது. கூடவே சாம்பல் பட்டையும் வந்தது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தேன். நிபந்தனை நிறைவேறவில்லை. விதிப்படி பார்த்தால் அவள் எழுந்து கீழே போக வேண்டும்.

"சார்" என்றார் கடைக்காரர் இருட்டிலிருந்து. "டீவியேஷன்."

"அது இன்னாது?" என்றாள் மனைவி.

"கொற கீதுன்னு தெரியும்மா. தெரிஞ்சே, பரவால்லன்னு கையெய்த்து போட்டு வாங்கிக்கறது. சாரு போடமாட்டாரு. எங்கிட்ட ஒரு லோடு திரும்பி வந்துச்சு."

"ஓ, அதுவா. அத்தக் கல்யாணம் ஆன நாள்லருந்து நான் போட்டுக்கினுதான கீறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்தது. நான் நிமிர்ந்தேன்.

"பட்டை போனாத்தான் வருவேன்னு சொன்ன."

"மேல போச்சுல்ல? கீழ எழுத்து கீது. கண்ணு எழுத்துல போவும், பட்டைல போவாது. வுடுங்க."

"அது சரியான தீர்வு இல்ல."

"உக்காருங்க. அவன் 'ஆனா'ன்னு நிறுத்தி எவ்ளோ நேரமாச்சு?"

உட்காரவில்லை. விளக்கைப் போட்டு, குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, படிவத்தின் கட்டங்களை நினைவிலிருந்து கோடு போட்டேன். மறந்திருக்கவில்லை, நிராகரிப்பதற்காக எத்தனை தடவை வாசித்திருக்கிறேன். பொருள்: கீழ்ப் பலகை. குறை: எழுத்து ஓடும் படங்களில் பயன்படுத்த இயலாது, சாம்பல் பட்டை தெரியும். முடிவு: அப்படியே ஏற்கப்படுகிறது. கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றேன். டீவியேஷனுக்கு எப்போதும் ஒரு முடிவு தேதி உண்டு. அது இல்லாவிட்டால் குறையே வழக்கமாகிவிடும்.

"எது வரைக்கும்னு போடணும்" என்றேன்.

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி திரையைப் பார்த்தாள். நிறுத்திவைத்த படத்தில் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

"அடுத்த கண்ணு வரைக்கும்னு போடுங்க. அதுக்கு இன்னா இன்னா தெரியப் போவுதோ."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் தனக்கு ஒரு படி வேண்டும் என்றார்; கோப்பில் வைக்க. இரண்டாவது தாளிலும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் பேச்சை முடித்தார். ரப்பர் தோட்டத்துக்கு இன்னும் நாலு பேர் வந்தார்கள், அதில் ஒருவன் செத்தவனின் டிரைவர்.

"டிரைவருதான்" என்றேன்.

"டிரைவரா? அவன் செருப்புல சேறே இல்ல, பாக்கலயா?" என்றாள்.